இடதுபக்கக் கதவு

வெள்ளைப் பிளாஸ்ரிக் கானில் நான் போட்டிருந்த பென்சில் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது, பெயின்ற் கரைக்கிற தின்னர்.

குந்தியிருந்து பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். கான் சரிந்து நிற்கிறதோ என்று தரையைத் தடவினேன். சரிவு கிரிவு ஒன்றும் இல்லை. பகல் பன்னிரண்டரைக்கு நானே மூடியை இறுக்கி, நானே கோடு போட்டு, கோடு தெரியாமல் கானைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவன். சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்து, மூன்று மணிக்கு வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

கராஜுக்குள் அப்போது இருந்தது ஒரேயொரு ஆள். நஜீம் பாஸ். என் பழைய மைனர் காருக்குப் பெயின்ற் அடிக்கக் கிண்ணியாவிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்தவர். கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. பகல் தொழுகைக்குப் போய், சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு இரண்டு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார். நான் எழும்பி வரும்வரை ஒரு மணித்தியாலம் அவரும் காரும் தனிய.

"என்ன சேர், கானோட கதைக்கிறீங்க?" என்றார், தேய்க்கிற பேப்பரை வாளித் தண்ணீரில் நனைத்தபடி.

"ஒண்டுமில்லை பாஸ்."

ஒன்றுமில்லையாம்! உள்ளுக்குள் எனக்கு இரத்தம் கொதித்தது. நல்ல தின்னரை ஊற்றி எடுத்துக்கொண்டுபோய் வேறு வேலைக்குப் பாவிக்கிறான், என் காருக்கு மண்ணெண்ணெய் கலந்து அடிக்கிறான், அதனால்தான் கதவில் பெயின்ற் சுருங்குகிறது. கணக்கு அந்த நிமிடமே எனக்குச் சரிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மனோ, என் மனைவி, தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். ஒரு மிடறு குடித்தேன். தேத்தண்ணியும் தின்னர் மணந்தது. என் கைமணம்தான் என்று நினைத்துக் குடித்து முடித்தேன்.

பச்சைக் கேற்று

இந்தப் பத்திரிகைத் தொடரில் என்னைப் பற்றி இதுவரை வாசித்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தடியில் கப்பல் பழுதுபார்க்கிற ஒரு பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேலே களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்தவன் நான். ஊரில் எனக்குப் பெயர் ஸ்ரோர் ஐயா. அந்த உத்தியோகத்தில் ஆணி முதல் நங்கூரச் சங்கிலி வரை எல்லாவற்றையும் யாரோ எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் காலையில் பூட்டைத் திறக்கவேண்டும். ஓய்வு பெற்றபோது சாவியைக் கொடுத்தேன். அந்தப் புத்தியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

துறைமுகப் பக்கத்து வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கேற்று, யன்னல் கம்பி, கிணற்றுவாளி, கோழிக்கூடு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் பெயின்ற் அது. கடையில் விற்கிற சாமான் இல்லை. ஒவ்வொரு வேலைத்தலத்திலிருந்தும் சோற்றுப் பாத்திரத்திலும் சைக்கிள் பையிலும் கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே வந்தது. கேட்டால், "மிச்சம் கிடந்தது ஐயா" என்பார்கள்.

எங்கள் ஒழுங்கையில் சாம்பல் இல்லாத கேற்று என்னுடையது மட்டும்தான். பச்சை. கடையில் வாங்கின பச்சை. அதைச் சொல்லிச் சொல்லியே பாதிச் சனத்தைப் பகைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரரோடு முப்பது வருடமாக முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. அவருடைய கோழிக்கூடு சாம்பல் நிறம். அதற்கு வேறொரு காரணமும் உண்டு, பிறகு வரும்.

சனி பிடித்த நிறம்

காரைப் பற்றிச் சொல்லவேண்டும். நாலு கதவு மைனர். மூதூரில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரிடம் வாங்கினேன். அப்போது வானநீலம். வாங்கின இரண்டாம் மாதமே எங்கள் கேற்றுக் கொளுக்கி முன்பக்க இடது கதவை இழுத்துவிட்டது. கைப்பிடியிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கீறல். பார்க்கிற நேரமெல்லாம் வயிறெரியும்.

அந்த முன் சீற் மனோவுடையது. கல்யாணம் முடித்த புதிது. யன்னலைப் பாதி இறக்கிவிட்டு, சேலைத் தலைப்பை மடியில் பிடித்துக்கொண்டு இருப்பாள். உப்புவெளி வரை போய் ஐஸ்பழம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவோம்.

பிறகு குண்டும் சோதனைச்சாவடியுமாக அந்தக் கெட்ட காலம் வந்தது. காரை வீட்டில் விட்டுவிட்டுப் போன ஒருநாள் வேலைத்தலத்துக்கு இரண்டு பேர் வந்து, கொஞ்சம் விசாரிக்கவேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள். பட்டறையில் ஒரு டீசல் பீப்பா காணாமல் போயிருந்தது, சாவி வைத்திருந்தவன் நான். அந்தப் பதினொரு நாளை முன்னொரு கிழமை எழுதிவிட்டேன், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. பீப்பா கடைசியில் ஒரு படகுக்குள்ளேயே கிடந்தது. என்னை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் நீலக் கார் பால்நிறமாக நிற்கிறது! மேலிருந்து கீழ்வரை தூரிகையால் அடித்த அடையாளம். யன்னலுக்கு வாங்கி வைத்திருந்த பெயின்றை எடுத்து மனோவே அடித்திருக்கிறாள். விரல் இடுக்கில் இன்னும் பால்நிறம்.

"சாத்திரியாரிட்டைப் போனனான். நீலம் சனீஸ்வரன்ரை நிறம். உங்களுக்கு இப்ப ஏழரைச் சனி. உடனை மாத்தச் சொன்னவர்," என்றாள்.

அழுதுவிட்டேன். புருசனை மீட்கக் காருக்கே நிறம் மாற்றின பெண்ணை எங்கே பார்ப்பது? அன்றிலிருந்து இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை, செத்த வீடு இல்லை. ஊரில் ஒருவரையும் நம்பாதவன் அதை மட்டும் சொட்டும் சந்தேகமில்லாமல் நம்பினேன்.

ஆனால் அதற்குப் பிறகு மனோ அந்தக் காரில் ஏறவில்லை. பெட்ரோல் மணம் தலையிடி என்றாள். கோயிலுக்கு அவள் பஸ்ஸில் போவாள், நான் காரில் பின்னாலே போவேன். சனம் சிரித்தது. பிறகு சாமான் கிடைக்காமல் காரும் படுத்துவிட்டது. கராஜில் கல்லுக்கு மேலே ஏற்றி, படங்கைப் போட்டு மூடினோம். மகள் வளர்ந்து வெளிநாடு போனாள். "வித்துப்போடுங்கோ" என்பதை மனோ மட்டும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கோ ஒரே ஆசை. சனி எப்போதோ விலகிவிட்டது. காரைப் பழைய நீலத்துக்குக் கொண்டுவரவேண்டும், மனோ பழையபடி அந்த முன் சீற்றில் வந்து இருக்கவேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

கதவைக் கிளறவேண்டாம்

எஞ்சின் வேலையை நானே பார்த்துக்கொண்டேன். பெயின்ற் என் கைக்கு வராது. நஜீம் பாஸைப் பற்றி எல்லாரும் நல்லாகச் சொன்னார்கள். எல்லாரும் நல்லாகச் சொன்னதே எனக்குக் கொஞ்சம் இடித்தது.

கடற்காற்று எழும்புமுன் காலை ஆறரைக்கே அடித்து முடிக்கவேண்டும் என்பார் அவர். தூசி பறக்காமல் தரைக்குத் தண்ணீர் தெளிப்பார். சுற்றிவரப் பிளாஸ்ரிக் விரிப்புக் கட்டுவார். கண்ணாடிகளுக்குப் பழைய பேப்பர் ஒட்டுவார். என் காருக்கு அந்த வாரப் பத்திரிகையைத்தான் ஒட்டினார், அதுவும் என் தொடர் வந்த பக்கம்.

"சேர், நீங்க எழுதினது பாதில நிக்கிது. மத்தப் பாதி பின்கண்ணாடில இரிக்கு. நடந்து நடந்து வாசிக்கிறன்," என்றார்.

சிரித்தேன். ஆனாலும், இந்த ஆள் என் கதையை ஏன் இவ்வளவு அக்கறையாக வாசிக்கிறான் என்று ஒரு யோசனை ஓடியது.

பழைய பால்நிறத்தைத் தேய்த்து எடுக்கும்போதுதான் முதற்சிக்கல். மற்ற இடமெல்லாம் லேசாக வந்தது. இடதுபக்க முன்கதவில் நின்று விரலால் சுண்டிப் பார்த்தார்.

"சேர், இந்தக் கதவுல அடில வேற என்னமோ இரிக்கு. சத்தமே வேற. தகரம் வரைக்கும் எடுத்தாத்தான் சரிவரும். ரெண்டு நாள் கூடப் போகும்."

ஓகோ, வேலையை இழுக்கப் பார்க்கிறான் என்று என் மனம் உடனே சொன்னது. "தேவையில்லை பாஸ். மேலாலை தேய்ச்சுப்போட்டு அடியுங்கோ."

"ஓம் ஓம், அந்தக் கதவைக் கிளறவேண்டாம்," என்றது பின்னாலிருந்து மனோவின் குரல். நாற்பது வருடத்தில் நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அவள் யோசிக்காமல் ஓம் போட்டது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"சரி. ஆனா பிறகு என்னச் சொல்லப்படாது," என்றார் பாஸ்.

நீலம் அடித்தார். கார் முழுக்கக் கண்ணாடி மாதிரி வந்தது. அந்த ஒரு கதவு மட்டும் பத்து நிமிடத்தில் காய்ச்சின பாலின் ஆடைபோலச் சுருங்கிவிட்டது.

தேய்த்து எடுத்துவிட்டு இரண்டாம் முறை அடித்தார். முதல்முறையைவிட மோசமாகச் சுருங்கியது. கதவுக்குக் கிட்டப் போய் மணந்து பார்த்தார்.

"சேர், யாரோ இந்தக் கதவத் தொட்டிரிக்காங்க."

"ஆர் தொடுறது? ஒழுங்கையிலை திரியிற மான் வந்து உரஞ்சியிருக்கும்," என்றேன் நக்கலாக.

"மான் உரஞ்சினாத் தின்னர் மணக்காதே சேர்," என்றார் பாஸ், என் முகத்தை நேராகப் பார்த்து.

பாருங்கள், எடுக்கிறதையும் எடுத்துவிட்டு என்னையே சந்தேகப்படுகிறான்! அன்றுதான் தின்னரை வெள்ளைக் கானுக்கு மாற்றிக் கோடு போடத் தொடங்கினேன்.

பழி

கோட்டுக்குக் கீழே தின்னர் இறங்கியிருந்ததை முதலில் சொன்னேனே, அந்தப் பின்னேரம் நான் வாயை மூடிக்கொண்டேன். சாட்சி வேண்டும் அல்லவா? அடுத்தநாளும் போட்டேன். அடுத்தநாளும் இறங்கியது. மூன்றாம் நாளும் இறங்கியபோது கானைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"பாஸ், இது ஆரின்ரை வேலை?"

அவர் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த பேப்பரை வாளிக்குள் போட்டார்.

"நான் எடுத்தன் எண்டா சொல்றீங்க?"

"இந்தக் கராஜுக்குள்ளை நீங்களும் நானும்தான். நான் நித்திரை."

"அல்லாஹ் மேல ஆணையா, ஒங்கட சாமான்ல ஒரு சொட்டு நான் எடுக்கல்ல."

"அப்ப கான் குடிச்சுதோ?"

அவர் எழும்பினார். காற்றால் பெயின்ற் விசிறுகிற துவக்கைக் கழற்றிக் கழுவினார். குழாயைச் சுருட்டினார். சேர்ட்டை மாற்றிக்கொண்டு, வாசலில் நின்ற மனோவிடம், "போயிட்டு வாறன் அம்மா," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"கள்ளனுக்கு ரோசத்தைப் பாரும்," என்றேன் நான்.

சாம்பல்

மிச்ச வேலையை நானே செய்வதென்று அடுத்தநாள் காலையில் பேப்பரும் வாளியுமாக அந்தக் கதவின் முன்னால் உட்கார்ந்தேன். தகரம் வரை எடுத்துக் காட்டுகிறேன், இவனுக்கு மட்டும்தானோ கை இருக்கிறது என்ற வீம்பு.

சுருங்கின நீலம் போனது. பால்நிறம் போனது. அதற்குக் கீழே சாம்பல் வந்தது.

தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். அந்தச் சாம்பலை எனக்கு இருட்டிலும் தெரியும். முப்பது வருடம் ரின் ரின்னாகக் கொடுத்துக் கணக்கெழுதின சாம்பல். கப்பல் பெயின்ற். கார்ப் பெயின்றை அதற்கு மேலே அடித்தால் சுருங்காமல் என்ன செய்யும்? பாஸ் சுண்டிப் பார்த்துச் சொன்னது அச்சொட்டாகச் சரி.

மற்றக் கதவுகளில் இது இல்லை. கூரையில் இல்லை. இந்தக் கதவில் மட்டும். இன்னும் தேய்த்தேன். சாம்பலுக்குக் கீழே பழைய வானநீலம். அதன் குறுக்கே கேற்றுக் கொளுக்கி இழுத்த அந்த ஒரு முழக் கீறல், கீறல் நிறையச் சாம்பல் அப்பியபடி.

பேப்பரை மாற்ற எழும்பியபோது காரின் முன்சில்லுக்குப் பின்னால் ஒரு துணிப்பந்து கண்ணில் பட்டது. தின்னர் மணம். விரித்தேன். மனோவின் பழைய சட்டைத் துணி, சின்னச் சின்னப் பூப்போட்டது. பால்நிறமும் சாம்பலும் ஊறியிருந்தன.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இத்தனை கிழமையாக என் நேர்மையைப் பற்றிப் பந்தி பந்தியாக எழுதியிருக்கிறேன். என் வாழ்க்கையில் ஒரேயொரு தடவை ஸ்ரோரிலிருந்து ஒரு சாமான் களவாகக் கொண்டுவந்தேன். என்னைக் கொண்டுபோவதற்கு முந்தின கிழமை, வியாழக்கிழமை. ஒரு ரின் சாம்பல் பெயின்ற். எல்லார் கேற்றும் பளபளக்கிறதைப் பார்த்து வந்த ஆசை. கராஜில் பலகைகளுக்குக் கீழே ஒளித்துவைத்தேன். பதினொரு நாளும் அவர்கள் டீசலைப் பற்றிக் கேட்டார்கள், எனக்குப் பயம் முழுக்க அந்த ரின்னில்தான். திரும்பி வந்து பார்த்தபோது ரின் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துத்தான் கோழிக்கூட்டுக்கு அடித்தார் என்று முடிவுகட்டினேன். மனிசன் முப்பது வருடமாக என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார், நான் திருப்பிச் சிரித்ததில்லை.

குசினியில்

மனோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துணியை மேசையில் வைத்தேன்.

"இது உம்மடை சட்டைத் துணிதானே?"

"ஓம்."

"தின்னர் எடுத்தது நீரோ?"

"ஓம். நீங்கள் படுத்தாப் பிறகு. முதல்தரம் சுருங்கினதை அவர் தேய்க்கேக்கை சாம்பல் ஒரு பொட்டளவு தெரிஞ்சுது. நீங்கள் கண்டா கேப்பியள் எண்டு துடைச்சனான். துடைக்கத் துடைக்கப் பெருத்துது."

"என்ன கேப்பன்? ஏன் சாம்பல் அடிச்சனீர் எண்டோ? சாத்திரியார் பால்நிறம்தானே சொன்னவர்?"

"சாத்திரியாரிட்டை நான் போகேல்லை."

துருவலை நிறுத்தினாள். நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் என்னை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உங்களைக் கொண்டுபோன அடுத்தநாள் பைப்படியிலை பெண்டுகள் கதைச்சவை. வியாழக்கிழமை மழைக்குள்ளை உப்புவெளிக் கடற்கரையிலை ஒரு நீலக் கார் நிண்டதாம். இடதுபக்கக் கதவிலை நீட்டுக்குக் கீறலாம். ஒருத்தன் எதையோ சுத்திக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவனாம். சனிக்கிழமை அந்த றோட்டிலை குண்டு வெடிச்சதுதானே? அந்தக் காரைத்தான் தேடுகினமாம்."

நான் கதிரையை இழுத்து இருந்தேன்.

"அண்டைக்கு நீங்கள் ரெண்டு மணித்தியாலம் பிந்தி வந்தனீங்கள். எங்கை போனனீங்கள் எண்டு கேக்க, வேலை எண்டனீங்கள். வீட்டை வந்து தேடினன். பலகைக்குக் கீழை அந்த ரின் இருந்தது. கீறல் மறையட்டும் எண்டு கதவுக்கு அடிச்சன். பிறகு பாத்தா, நீலக் காருக்கு ஒரு சாம்பல் கதவு, அது இன்னும் வெளிச்சமாத் தெரியுது. அதுக்குத்தான் முழுக்கப் பால்நிறம் அடிச்சது."

"அப்ப, நான்தான் அதைச் செய்தனான் எண்டு நினைச்சனீரோ?"

"தெரியாது."

"இப்ப?"

"இப்பவும் தெரியாது."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே மனோ!"

"கேட்டா இல்லை எண்டுவியள். அது பொய்யோ மெய்யோ எண்டு பிறகு நான் ஒவ்வொரு நாளும் உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டிருக்கவேணும். கேக்காட்டில் சமைச்சுப் போட்டு, பிள்ளையை வளத்துக்கொண்டு இருக்கலாம். அந்தக் காரிலை மட்டும் என்னாலை இருக்க ஏலாமப் போச்சு."

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. உலகத்தையே சந்தேகப்பட்டவன் நான். என்னைச் சந்தேகப்பட்டபடி ஒருத்தி முப்பது வருடம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், அது மட்டும் என் கண்ணில் படவில்லை.

"கடற்கரையிலை நிண்டது நான்தான்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரின்னைக் காரில் வைத்துக்கொண்டு வழமையான சோதனைச்சாவடியால் வரப் பயந்ததை, உப்புவெளிப் பக்கத்தால் சுற்றினதை, பயத்தில் கடலில் எறிந்துவிடலாமோ என்று மழைக்குள் கட்டிப்பிடித்தபடி நின்றதை, எறிய மனம் வராமல் கொண்டுவந்ததை. நீர் கதவுக்கு அடித்த அதே ரின்தான் மனோ, வேறொன்றுமே இல்லை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது இப்போது இட்டுக்கட்டின கதைபோலக் கேட்டது. களஞ்சியத்தில் எவனாவது வந்து இப்படியொரு கதை சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

அவள் மறுபடியும் துருவத் தொடங்கினாள். "முதல் போய் அந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பாவம், என்னாலை பழி கேட்டது," என்றாள்.

"காருக்கு என்ன நிறம் அடிக்கச் சொல்ல?"

"நீலமே அடிக்கட்டும். நீங்கள் சொன்னது மெய்யெண்டா நீலத்துக்கு என்ன பயம்?"

நம்பிவிட்டாள் என்று அதை எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

கோட்டை அவர் கண்டிருந்தார்

கிண்ணியாவுக்குப் பஸ்ஸில் போனேன். முன்பு பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்த தண்ணீரை இப்போது பாலத்தால் கடக்க ஐந்து நிமிடம் ஆகாது. அன்றைக்கு அந்த ஐந்து நிமிடமும் கொஞ்சம் நீளாதா என்று இருந்தது.

நஜீம் பாஸ் வீட்டு வாசலில் கதிரை போட்டு இருத்தினார். தேத்தண்ணி வந்தது. நான் குடிக்கவில்லை.

"பாஸ், தின்னர் எடுத்தது என்ரை மனுசி. நான் உங்களைப் பிழையாச் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"கோடு போட்டத நான் முதல் நாளே கண்டன், சேர்."

"கண்டனீங்களோ?"

"கான் சுவர்ப்பக்கம் திரும்பி இரிந்திச்சி. ஏன் திருப்பினாங்க எண்டு பார்த்தன். இத்தின வருசம் பெயின்ற் அடிக்கிறன், ஒரு வீட்டுலயும் எனக்குக் கோடு போட்டதில்ல. அரைவாசில விட்டுட்டுப் போகப்படாது எண்டுதான் மூணு நாளும் வந்தன்."

எனக்குச் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு நோகாது. தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தேன்.

"வாறன் சேர். கதவத் தகரம் வரைக்கும் எடுப்பன். கான்ல கோடு இரிந்தா அப்படியே திரும்பி வந்திருவன்," என்றார்.

வந்தார். எடுத்தார். கீறலை மட்டமாக்கி, அடித்தார். கதவு சுருங்கவில்லை. நான் அந்த வேலை நடந்த மூன்று நாளும் பகலில் படுத்துக்கிடந்தேன், நித்திரை வராவிட்டாலும் கராஜ் பக்கம் போகவில்லை.

பின் சீற்

பெயின்ற் காய்ந்து பத்து நாள் கழித்து மனோ பயித்தம் பணியாரம் சுட்டாள். "பாஸ் வீட்டை நானும் வரவேணும்," என்றாள்.

காரை வெளியே எடுத்தேன். வெயிலில் நீலம் பளிச்சென்றது. இறங்கிப்போய், இடதுபக்க முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை மாதிரி நெஞ்சு இடித்தது.

மனோ கதவைப் பார்த்தாள். கீறல் இருந்த இடத்தை விரலால் ஒருதரம் தடவினாள். பிறகு பின்கதவைத் தானே திறந்து, பணியாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீற்றில் இருந்தாள்.

"முன்னுக்கு வாருமன்."

"இப்போதைக்கு இதிலை இருக்கிறன்."

கதவைச் சாத்திவிட்டு ஏறினேன். பட்டணம் தாண்டினோம். பின்னால் வருகிறதைப் பார்க்கிற கண்ணாடியில் ஒவ்வொரு தடவையும் அவள் கண்தான் தெரிந்தது. அவள் வெளியே பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கானைப் பார்த்த அதே பார்வை.

பாலம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். பாதி தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"அண்டைக்கு ரெயின்கோட்டு கொண்டுபோனனீங்கள்தானே?"

"எண்டைக்கு?"

"அந்த வியாழக்கிழமை. நான்தான் எடுத்துத் தந்தனான். பிறகேன் தோய்ஞ்சு நனைஞ்சு வந்தனீங்கள்?"

இதைத்தான் இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறாள்! குசினியில்கூட எடுக்கவில்லை. நான் யோசிக்கவில்லை, யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"ரெயின்கோட்டாலை ரின்னைச் சுத்தியிருந்தனான். மூடி சரியா இறுகேல்லை, சீற்றிலை ஊத்துப்படும் எண்டு. அதைச் சுத்திக்கொண்டுதான் கடற்கரையிலை நிண்டது. நனைஞ்சது நான்."

பாலம் முடிந்தது.

"அந்தக் கோட்டின்ரை உள்பக்கத் துணியிலை சாம்பல் பெயின்ற் பட்டிருந்தது. தோய்க்கத் தோய்க்கப் போகேல்லை," என்றாள் மெதுவாக. "நிப்பாட்டுங்கோ."

ஓரமாக நிறுத்தினேன். இறங்கினாள். பணியாரப் பெட்டியை ஒரு கையில் பிடித்தபடி, மற்றக் கையால் இடதுபக்க முன்கதவைத் திறந்து ஏறி இருந்தாள். யன்னலைப் பாதி இறக்கினாள். சேலைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டாள்.

எனக்குக் கண் கலங்கி றோட்டுத் தெரியவில்லை. ஆனாலும் களஞ்சியக்காரன் புத்தி போகுமா? கேட்டுவிட்டேன்.

"நான் வேறை என்னவும் சொல்லியிருந்தா?"

"பின்னுக்கே இருந்திருப்பன்," என்றாள். "காரை எடுங்கோ. பணியாரம் ஆறப்போகுது."